பனி கொட்டியது நான்தான்

அன்புள்ள பென்னிக்கு,

நீங்கள் மூன்று பேரும் பத்திரமாகக் கனடா போய்ச் சேர்ந்ததாக அனிதா அனுப்பிய செய்தி வந்தது. கூடவே மீரா உங்கள் வீட்டு வாசலில் முழங்கால் ஆழப் பனியில் நின்று கையாட்டும் படமும் வந்தது. செல்வி அதை ஏழெட்டு முறை பார்த்துவிட்டு, "குல்லா காதை மூடல, அனிதாகிட்ட சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன். மீதியை உனக்கு எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நான் எப்படிப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். நாலாவது வார்த்தையில் கிண்டலுக்குத் தாவி, "சரி நைனா, வெச்சிடட்டா" என்று முடித்துவிடுவேன். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் கிரேனில் உட்கார்ந்தவன் நான். கீழே நிற்பவன் முகத்தைப் பார்க்காமலே வேலையை முடித்துப் பழக்கம். அதனால்தான் பேப்பரும் பேனாவும். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கண் ஆபரேஷனுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.

மே மாதம் நம் கோயிலில் உனக்கும் அனிதாவுக்கும் கல்யாணம். அன்றைக்கே ஆறு வயசு மீராவுக்கு இரண்டாவது அப்பாவாகவும் ஆகப்போகிறாய். அந்த உத்தியோகத்தில் எனக்கு முன் அனுபவம் உண்டு. நல்ல அனுபவம் என்று சொல்ல மாட்டேன். எப்படிச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்ள உனக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் ராயபுரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான். டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி டீ குடிக்கிற நேரத்தில் நான் பாதி அழுகையும் பாதி உளறலுமாகச் சொன்னதை, இப்போது ஒழுங்காக, முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ பதினோரு வயசுப் பையனாகப் பார்த்த பக்கத்தைத்தான் நீ அறிவாய்.

உன் அம்மா ஸ்டெல்லா போனபோது உனக்கு ஒன்பது வயசு. இரண்டு வருஷம் நீயும் நானும் ஓட்டல் சாம்பாரும் காசிமேட்டு மீனுமாக ஓட்டினோம். நான் ஷிப்ட் போகிற நாட்களில் நீ எதிர்வீட்டுப் படியில் பையோடு உட்கார்ந்திருப்பாய். பிறகுதான் செல்வி வந்தாள். புருஷனை இழந்து, ஆறு வயசு நித்யாவோடு, திருவொற்றியூரில் அண்ணனின் மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண். வீட்டில் முருகன் படம். எங்களுக்கு ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது ஆகஸ்டில். நீ நல்ல பிள்ளையாக வந்து, நல்ல பிள்ளையாகக் கேசரி சாப்பிட்டு, அவளை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டாய். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். அது ஒன்றுதான் அந்த வருஷம் நான் செய்த சரியான காரியம்.

கிறிஸ்துமஸ் குடில் வைப்பது உன் அம்மாவின் வேலை. பண்டிகைக்கு நாலு வாரம் முன்னால், திருவருகைக் காலத்து முதல் ஞாயிறன்று பூசை முடிந்து வந்ததும், பழைய தட்டுகளில் மண் பரப்பிக் கேழ்வரகு தூவுவாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் அது ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று எழுந்து நிற்கும். அதுதான் பெத்லகேமின் புல்வெளி. தெருவில் எல்லார் வீட்டுக் குடிலிலும் புல் உண்டு. ஆனால் ஸ்டெல்லாவின் புல்லைப் பார்க்க வரும் ஆட்களும் உண்டு. அவள் போன பிறகு, அவள் விதைக்கென்று ஒதுக்கி பாட்டிலில் போட்டு வைத்திருந்த கேவுருவை நீ எடுத்துக்கொண்டாய். முதல் இரண்டு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதியை விதைத்தாய். செல்வி வந்த வருஷம் மீதிப் பாதியை. பள்ளிக்கூடம் போகும் முன் தண்ணீர் தெளிப்பாய், வந்ததும் விரலால் உயரம் பார்ப்பாய். யாரையும் கிட்டே விட மாட்டாய். நித்யா எட்டிப் பார்த்தாலே, "ஏய், மூச்சு வுடாத" என்பாய். அந்தப் புல் உனக்கு யார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. மறந்து போனேன் என்று சொன்னால் அது பொய்.

நடந்தது இதுதான். நித்யா யாரோ கொடுத்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அதில் குடில், கூரை, மரம் எல்லாம் வெள்ளை வெளேரென்று பனி. "நம்ம வீட்ல ஏன்ப்பா பனி இல்ல?" என்று கேட்டாள். அதற்கு முன்னால் அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டதே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, பென்னி. அப்படியே உருகிவிட்டேன். இந்தக் குழந்தைக்கு ஊரே பார்க்கிற மாதிரி ஒரு பனி காட்ட வேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது. பஞ்சு ஒட்டினால் எல்லார் வீட்டையும் போலத்தான் இருக்கும். மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தேன். நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில், செல்வி கடையில். சமையலறையில் மச்சான் தன் மளிகைக் கடையிலிருந்து கொடுத்தனுப்பிய தூள் உப்பு அரை மூட்டை இருந்தது. சல்லடையை எடுத்தேன், சலித்தேன். கூரை மேல், பொம்மைகள் மேல், மலை மேல், பிறகு கை நிற்காமல் புல் மேலும். தள்ளி நின்று பார்த்தேன். நிஜமாகவே பனி பெய்த மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. உப்பு என்ன செய்யும் என்று துறைமுகத்தில் இரும்பு துருப்பிடிப்பதைப் பார்த்தே வாழ்ந்தவனுக்குத் தெரியாதா? அன்றைக்குத் தெரியவில்லை.

நீ சாயங்காலம் வந்து பார்த்தாய். யார் செய்தது என்றுகூடக் கேட்காமல், புல்லின் உயரத்தை விரலால் பார்த்துவிட்டுப் போனாய். உனக்கும் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் பூராவும் மூட்டம் போட்டு, கடல் காற்று ஈரத்தை வாரிக்கொண்டு வந்து வீட்டுக்குள் இறைத்தது. உப்பு கசிந்து மண்ணில் இறங்கியது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் விழாவில் மூன்று ராஜாக்களில் ஒருவனாக நடித்துவிட்டு, தலையில் காகிதக் கிரீடத்தோடு உள்ளே வந்தாய். புல் அத்தனையும் வெந்த கீரை மாதிரி மடங்கிக் கிடந்தது. குடிலுக்குப் பக்கத்தில் கடைப் பெயர் போட்ட உப்பு மூட்டை. அந்த நேரம் பார்த்து செல்வி துடைக்கிற துணியோடு அங்கே நின்றாள். நீ கிரீடத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "எங்கம்மா வெதை அது! நீங்க வேணும்னே பண்ணிக்கீறீங்க! வெளிய போங்க!" என்று கத்தினாய். நான் தோளில் துண்டோடு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் செல்வி, "ஆமா ராசா, தெரியாமப் பண்ணிப்புட்டேன். என்னைய மன்னிச்சிரு" என்றாள்.

நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். நான் அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போய், "இன்னாத்துக்கு நீ ஏத்துகினே? நான் போய் சொல்றேன்" என்றேன். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வேண்டாங்க. தாய் இல்லாத பிள்ளை. உங்க மேலயும் வெறுப்பு வந்துட்டா அது எங்க போய் நிக்கும்? என்னைய நேத்துதான் பாத்திருக்கான், எம்மேல இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். இதுவரைக்கும் உனக்கு டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதியே சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கியது ஒன்று உண்டு. அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. நிம்மதியாக இருந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று இருந்தது. இரண்டு நாள் போகட்டும், பண்டிகை முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று சொல்லிச் சொல்லியே பதினெட்டு வருஷத்தை ஓட்டினேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய், என்னோடு கடற்கரைக்கு வந்தாய், என் தோளில் சாய்ந்தாய். அதையெல்லாம் நான் அவளுடைய செலவில் அனுபவித்தேன்.

அதற்குப் பிறகு நீ அவளிடம் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தியதில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம், "இன்னா மரியாத புள்ள!" என்பார்கள். சாப்பாடு வைத்தால் "தேங்க்ஸ் ஆன்ட்டி." காய்ச்சலில் கிடந்தபோது அவள் நெற்றியில் கை வைத்தால், "பரவால்ல ஆன்ட்டி, நீங்க போய் தூங்குங்க." ப்ளஸ் ஒன்னுக்கே ஹாஸ்டல் கேட்டாய். கல்லூரி கோயம்புத்தூரில், வேலை கனடாவில். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போனாய். உங்கள் ஊரில் பனி கொட்டுகிறது என்று நீ படம் அனுப்பும்போதெல்லாம் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஆறு கிறிஸ்துமஸ் நீ வரவில்லை. டிக்கெட் விலை என்றாய், லீவு இல்லை என்றாய். நானும் நம்புகிறவன் மாதிரி "சரி நைனா" என்றேன். இந்தப் பக்கம் செல்வி, வருஷா வருஷம் குடில் இருக்கும் மூலையை விட்டுவிட்டு மீதி வீட்டைக் கூட்டினாள். அந்த மூலையை நான் கூட்ட வேண்டும். அவள் தொட மாட்டாள்.

இந்த வருஷம் நீ அனிதாவையும் மீராவையும் கூட்டிக்கொண்டு வந்தாய். வந்த அன்றே மீரா செல்வியோடு ஒட்டிக்கொண்டாள். அனிதாதான் "ஆச்சின்னு கூப்பிடு" என்று சொல்லிக் கொடுத்தாள் போலிருக்கிறது, வாய் ஓயாமல் ஆச்சி, ஆச்சி. இருபத்து மூன்றாம் தேதி குடிலுக்குப் பஞ்சு வைக்க உட்கார்ந்தோம். கனடாக் குழந்தைக்கு நம் பஞ்சுப் பனியைப் பார்த்துச் சிரிப்பு தாங்கவில்லை. இருந்தாலும் ஒரு கொத்தை எடுத்து, "ஆச்சி, நீங்க ரூஃப் மேல வைங்க" என்று நீட்டினாள். செல்வி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் தொட்டா ஆகாது கண்ணு" என்றாள். ஏன் என்று கேட்டது குழந்தை. நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "அவங்கள வுடு மீரா, வா, நான் வைக்கிறேன்" என்றாய். வழக்கம்போல மரியாதையாகத்தான் சொன்னாய். ஆனால் மீரா செல்வியை மேலும் கீழும் பார்த்தாள். இந்த ஆச்சி என்ன தப்பு செய்தாள் என்று அந்தச் சின்ன முகம் யோசித்தது எனக்கு அப்படியே தெரிந்தது. நேற்று வந்த குழந்தைகூட அவளைச் சந்தேகப்படுகிறதே. டீ தம்ளரைக் கீழே வைத்தேன். "உப்பு கொட்டினது நான்" என்றேன்.

அதற்குப் பிறகு நீ கத்தின கத்தல் கல்மண்டபம் வரைக்கும் கேட்டிருக்கும். கனடாவில் ஆறு வருஷம் இங்கிலீஷ் பேசியவன் வாயிலிருந்து சுத்தமான ராயபுரம் வந்தது. நீ முதலில் என்னிடம் வருவாய் என்று எதிர்பார்த்தேன். "நீ பேசாத, உன்கிட்ட அப்பால வரேன்" என்று என்னை ஓரம் கட்டிவிட்டு அவளிடம் போனாய். "இன்னா ஆன்ட்டி நீங்க? யார் கேட்டா உங்கள? பதினெட்டு வருசமா வாய மூடிகினு கீறீங்க! ஒரு வார்த்த சொல்லக் கூடாது? உங்க மூஞ்சியப் பாத்து ஒரு நாளு ஒழுங்கா பேசிக்கீறனா நானு? என்னிய இன்னா மனுசன்னு நெனச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே உடைந்து போனாய். செல்வி, "சத்தம் போடாதய்யா, தொண்டை கட்டிக்கிடும்" என்றாள். அதற்கு இன்னும் சத்தமாக, "கட்டிகினா கட்டிகினு போவுது!" என்றாய். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்ததை நான் பார்த்தேன். எனக்கு என் மானம் போகிறதே என்று கவலை வரவில்லை. பதினெட்டு வருஷமாக அந்த மானத்துக்குத்தானே காவல் இருந்தேன்.

நீ செருப்பை மாட்டிக்கொண்டு காசிமேடு பக்கம் போய்விட்டாய். அனிதா நல்ல பெண், பென்னி. ஒரு கேள்வி கேட்கவில்லை. பஞ்சுச் சுருளை எடுத்துச் செல்வியின் மடியில் வைத்து, "ஆன்ட்டி, எனக்கு இது பிரிக்க வரல" என்றாள். விளக்குக்குத் திரி உருட்டியே பழகிய கை செல்விக்கு. அவள் பஞ்சைப் பிரித்தால் புகை மாதிரி விரிகிறது. நீ திரும்பி வருவதற்குள் கூரை, மலை, ஆடு, ஒட்டகம் எல்லாம் வெள்ளை. மீரா கையால் தொட்டுப் பார்த்து, "இது ரியல் ஸ்னோ விட நல்லா இருக்கு, குளிரல" என்றாள். நீ வாசலில் நின்று அதைக் கேட்டாய். உள்ளே வந்து, ஒட்டகத்தின் கண்ணை மறைத்திருந்த பஞ்சை மட்டும் எடுத்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்தாய். நான் உள்ளே வரவில்லை. அங்கே எனக்கு அன்று இடம் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

கிட்டத்தட்ட இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது, ஆனாலும் கதி கலங்கித்தான் இருந்தேன். கிறிஸ்துமஸ் மத்தியானம் நித்யாவும் மாப்பிள்ளையும் மாத்தூரிலிருந்து வந்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு நித்யா, "ஆக, பனி கேட்டது நானு, கொட்டுனது அப்பா, திட்டு வாங்குனது எங்கம்மா. சூப்பர் குடும்பம்டா நம்பள்து!" என்றாள். நீதான் முதலில் சிரித்தாய். பிரியாணிப் பாத்திரத்தை எடுத்து வந்து என் தட்டில் போட்டு, "துன்னுப்பா. மூஞ்ச இன்னாத்துக்குத் தொங்கப் போட்டுகினு கீற?" என்றாய். சாப்பிட்டு முடிந்ததும் மொட்டை மாடிக்கு என்னைத் தனியாகக் கூட்டிப் போய் அரை மணி நேரம் திட்டினாய். கோழை என்றாய். சரிதான். அவங்களுக்கு எத்தனை கிறிஸ்துமஸைக் கெடுத்துட்ட என்றாய். அதுவும் சரிதான். கீழே இறங்கி வந்து பாயில் படுத்தேன். கிறிஸ்துமஸ் என்றால் எனக்குப் பதினெட்டு வருஷமாகப் படபடப்புதான். அன்றைக்கு மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன், மீரா அதைப் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறாளாம்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மீராவுக்கு ஒரு அப்பா இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறார் என்று அனிதா சொன்னாள். அந்தக் குழந்தை அவரிடமிருந்து வந்தது என்று எதையாவது பொத்திப் பொத்தி வைத்திருக்கும். பொம்மையோ, பழைய சட்டையோ, உன் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிகிற ஏதோ ஒன்று. அதன் மேல் உன் அன்பைக் கொட்டி அழகுபடுத்தப் போகாதே. உனக்கென்று ஒரு இடம் அவள் தனியாகத் தருவாள், அதுவரை சும்மா இரு. எப்படியும் தப்பு செய்வாய், செய்யாத அப்பனை நான் பார்த்ததில்லை. செய்தால் அன்றைக்கே, விளக்கு வைப்பதற்குள், அவள் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து "நான்தான் பண்ணேன்" என்று சொல்லிவிடு. அழுவாள், உன்னோடு இரண்டு நாள் பேச மாட்டாள். பேசாமல் இருக்கட்டும். அனிதா உன்னைக் காப்பாற்ற முன்வந்தால் நகர்ந்து நிற்கச் சொல். நம்மைக் காப்பாற்றுகிறவர்கள் எவ்வளவு நல்லவர்களோ அவ்வளவுக்கு அதில் ஆபத்து.

செல்வியை இன்னும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறாய். அதை மாற்ற வேண்டும் என்று எனக்காக எதுவும் செய்யாதே. அவளும் எதிர்பார்க்கவில்லை. உன் அம்மாவின் இடம் உன் அம்மாவினுடையதுதான் என்று இந்த வீட்டில் முதலில் புரிந்துகொண்டவளே அவள்தான்.

உங்களை விமான நிலையத்தில் விட்டுவிட்டு, காலை பதினொரு மணி வெயிலில் டாக்சியில் திரும்பினோம். பேசின் பிரிட்ஜ் வருகிற வரைக்கும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து, "தோ, மே மாசம் வந்துடுவான் செல்வி, வுடு" என்றேன். திரும்பினாள். சிரித்துக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா? அத்தனை பேரு முன்னாடி, பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடலன்னா நான் வந்து பேசுற பேச்சே வேறன்னு, விரலை நீட்டி ஏசிட்டுப் போறான். நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாக்காங்க" என்றாள். "உனக்கு வருத்தமா இருக்குதா?" என்று கேட்டேன். "வருத்தமா?" என்றாள் அவள். "அந்தப் பக்கத்துல நின்ன அம்மா என்கிட்ட மெதுவா கேட்டாங்க, உங்க பையனான்னு. ஆமான்னு சொல்லிட்டேன்."

உன் அப்பா